வினைக் கொள்கையும் பல்கலைக்கழக மேடையும்: சென்னைத் தத்துவத் துறையின் பணி குறித்த ஒரு திறனாய்வு

தமிழகத்தில் தத்துவம் பயிலும் இடங்களுள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தத்துவத் துறை முதன்மையானது என்பதை எவரும் மறுக்கமாட்டார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக அங்கு ஆய்வும், அறக்கட்டளைச் சொற்பொழிவும், கருத்தரங்கும், நூல் வெளியீடும் நடைபெற்று வந்துள்ளன. நம் இறையியல் மாணவர் பலர் அத்துறை வெளியிட்ட நூல்களைத் தேர்வின்பொருட்டுப் படிக்கின்றனர். குருப்பட்டம் பெற்றுச் சபைக்குச் சென்றபின் அவற்றை மறந்துவிடுகின்றனர். இம்மறதிக்கு மாணவர்மட்டும் காரணமா, அந்நூல்கள் பிறந்த முறையிலும் காரணம் உண்டா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

துறையின் பணி முழுவதையும் அளந்து முடிக்க நாம் முற்படவில்லை. வினைக் கொள்கை என்னும் ஒரே பொருளை எடுத்துக்கொண்டு, அது அந்த மேடையில் எவ்வாறு பேசப்பட்டது என்று காண விரும்புகிறோம். இப்பொருளைத் தேர்ந்ததற்குத் தக்க காரணம் உண்டு. நாம் இதனை எழுதுவது ஜவளகிரியிலிருந்து. ஒருபுறம் கருநாடக எல்லைக் காடு. மறுபுறம் தேன்கனிக்கோட்டை வழியே ஓசூர்த் தொழிற்பேட்டைக்குச் செல்லும் சாலை. கேழ்வரகு கதிர் முற்றும் காலத்தில் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் இவ்வழியாக இறங்கிவருகின்றன. ஓராண்டின் உழைப்பு ஓரிரவில் மிதிபட்டுப்போகிறது, சிலவேளை மனித உயிரும் போகிறது. காலையில் பேருந்தேறித் தொழிற்சாலைக்குச் சென்ற இளைஞன் மாலையில் விரல் இழந்து திரும்புவதும் உண்டு. அத்தகைய வீடுகளில் தமிழர் 'தலையெழுத்து' என்கின்றனர். தெலுங்கர் 'தலராத' என்கின்றனர். கன்னடர் 'ஹணெபரஹ' என்கின்றனர். மொழி மூன்று, கருத்து ஒன்று. இவ்வீடுகளுக்குள் நுழையும் போதகருக்கு வினைக் கொள்கை தேர்வு வினா அன்று. ஆகவே, கற்றறிந்தோர் இதைப்பற்றி என்ன சொன்னார்கள் என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு.

1. துறையும் அதன் தொண்டும்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பட்டது. தொடக்கத்தில் அது தேர்வு நடத்தும் அமைப்பாகவே இருந்தது. தத்துவம் கற்பித்தல் கல்லூரிகளின் பொறுப்பாயிருந்தது. பல்கலைக்கழகத்துக்கென்று தனித் தத்துவத் துறை 1927இல் எஸ். எஸ். சூரியநாராயண சாஸ்திரியின் தலைமையில் தொடங்கியது. அவர் வடமொழி மூலங்களைச் செம்மையாகப் பதிப்பித்தும் ஆங்கிலத்தில் பெயர்த்தும் தந்தார். ஸ்ரீகண்டரின் சிவாத்துவிதம் பற்றிய அவருடைய நூல் 1930இல் வெளிவந்தது. பாமதியின் நான்கு சூத்திரப் பகுதியை சி. குன்ஹன் ராஜாவுடன் சேர்ந்து 1933இல் வெளியிட்டார். அவருக்குப் பின் டி. எம். பி. மகாதேவன் துறையை நீண்ட காலம் வழிநடத்தினார். பல்கலைக்கழக மானியக் குழுவின் உதவியுடன் 1964இல் அது தத்துவத்துக்கான உயராய்வு மையமாக வளர்ந்தது. பின்னர் டாக்டர் எஸ். இராதாகிருஷ்ணனின் பெயரைத் தாங்கிய உயராய்வு நிறுவனமாயிற்று. 1965 முதல் 'இந்தியத் தத்துவ ஆண்டு மலர்' ஆங்கிலத்தில் வெளிவரத் தொடங்கியது.

இத்தொண்டு சிறிதன்று. ஏட்டிலும் மடத்திலும் அடைந்துகிடந்த நூல்கள் எந்தச் சாதியாரும் எந்தச் சமயத்தாரும் நூலகத்திற்சென்று எடுத்துப் படிக்கக்கூடிய பொருளாயின. வி. ஏ. தேவசேனாபதி சிவஞான சித்தியாரையும் அதன் ஆறு உரைகளையும் ஆராய்ந்து எழுதிய நூல் 1960இல் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. சைவ சித்தாந்தத்தை அறிய விரும்பும் எந்தக் கிறிஸ்தவ மாணவனும் இன்றும் அதனை விட்டுச்செல்ல இயலாது. ஒரு கொள்கையை மறுப்பதற்கு முன் அதனை அதன் உரையாசிரியர் வாயிலாகவே கேட்கவேண்டும் என்னும் ஒழுக்கத்தை இத்துறை நமக்குக் கற்பித்திருக்கிறது. அதற்கு நாம் கடமைப்பட்டவர்கள்.

துறையின் மேடையில் கிறிஸ்தவத்துக்கும் பங்குண்டு என்பதையும் குறிப்பிடவேண்டும். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் முதல்வராயிருந்த வில்லியம் மில்லரின் பெயரால் அமைந்த சொற்பொழிவு வரிசையிலே, 1953இல், மகாதேவன் 'காலமும் காலங்கடந்ததும்' என்னும் பொருள்பற்றிப் பேசினார். ஸ்காட்லாந்து மிஷனெரி ஒருவரின் பெயரால் நிறுவப்பட்ட மேடையில் அத்துவித அறிஞர் ஒருவர் காலத்தைக் கடந்த பரம்பொருளைப் பற்றிப் பேசியதில் நாம் வருந்துவதற்கு எதுவும் இல்லை. ஆனால், காலத்துக்குள் வந்த தேவனைப்பற்றிப் பேசும் நாம் அச்சொற்பொழிவுக்கு என்ன மறுமொழி தந்தோம் என்று கேட்டால் தலைகுனிய வேண்டியிருக்கிறது.

2. ஓர் ஆசிரியரும் ஒரு மாணவரும்

துறை தோன்றுவதற்கு இருபதாண்டுகளுக்கு முன்னரே இவ்விவாதம் சென்னையில் தொடங்கிவிட்டது. ஏ. ஜி. ஹாக் 1903இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். வினைக் கொள்கையைப் பற்றிய அவருடைய கட்டுரைகள் முதலில் கல்லூரியின் இதழில் தொடராக வந்தன. 1909இல் 'கர்மமும் மீட்பும்' என்னும் நூலாயின. அக்காலத்து மிஷனெரிகள் பலர் வினைக் கொள்கையை மூடநம்பிக்கை என்று ஒரு வரியில் தள்ளிவிட்டனர். ஹாக் அவ்வாறு செய்யவில்லை. அக்கொள்கையின் பின்னால் நீதிக்கான ஆழ்ந்த தாகம் உண்டு என்று ஏற்றுக்கொண்ட பின்னரே அவர் தம் வினாவை எழுப்பினார். வினை நியதி என்பது நீதிமன்றக் கணக்கை ஒத்தது. அவரவர் செய்ததற்கு அவரவர் பெறுவர். அத்தகைய உலகில் குற்றமற்றவன் மற்றொருவனுக்காகத் துன்பம் ஏற்பதற்கு இடமுண்டா? அன்பினால் ஏற்கப்படும் துன்பம் அங்கே பொருளற்றதாகிவிடாதா? நீதிமன்ற ஒழுங்கைக் காட்டிலும் உயர்ந்த அறவொழுங்கு ஒன்று இருக்கவேண்டாமா? இவையே ஹாக்கின் கேள்விகள்.

அவ்வகுப்பறையில் இருந்த மாணவருள் ஒருவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். கிறிஸ்தவ ஆசிரியர்களின் விமரிசனமே தம்மை இந்து சமயத்தை ஆழ்ந்து கற்கத் தூண்டியது என்று அவர் பிற்காலத்தில் எழுதினார். வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்னும் குற்றச்சாட்டுக்கு மறுமொழியாக முதுகலை ஆய்வேடு எழுதினார். 1908இல் அது நூலாகச் சென்னையில் அச்சேறியபோது அவருக்கு வயது இருபது. தம் சமயத்தின் விமரிசனத்தை மறுத்து எழுதப்பட்ட அந்த ஆய்வேட்டை ஹாக் மனமாரப் பாராட்டினார். ஆசிரியர் கேட்ட கேள்வி மாணவரைப் புண்படுத்தியது. புண்பட்ட மாணவர் கற்று மறுமொழி சொன்னார். ஆசிரியர் அம்மறுமொழியின் தரத்தை ஒப்புக்கொண்டார். தமிழகத்தில் தத்துவம் என்பது உண்மையாகவே நிகழ்ந்த தருணங்களுள் இது ஒன்று என்று நாம் கருதுகிறோம்.

ஆயினும் இருவரிடத்தும் குறை உண்டு. ஹாக் எதிரே கண்டது பெரும்பாலும் வினை நியதியின் கண்டிப்பான வடிவத்தையே. சைவ சித்தாந்தத்தில் வினை தானே இயங்கும் பொறி அன்று. ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்களுள் ஒன்று. வினைப்பயனை உயிருக்கு ஊட்டுபவன் இறைவனே. அவ்வாறு ஊட்டுவதும் உயிர் பக்குவம் அடைவதற்காகவே. இருவினையொப்பும் மலபரிபாகமும் கைகூடியபோது சத்திநிபாதம் என்னும் அருள்வீழ்ச்சி நிகழ்கிறது. அருளுக்கு இடமுள்ள வினைக் கொள்கையோடு ஹாக் உரையாடியிருப்பாரானால் அவருடைய கேள்வி இன்னும் கூர்மை பெற்றிருக்கும். தண்டனையே மருந்து என்று சொல்லும் சித்தாந்தியிடம், மருத்துவன் தானே அந்நோயைத் தன் உடலில் ஏற்பானோ என்று கேட்கலாம் அன்றோ?

இராதாகிருஷ்ணனின் குறை வேறு வகையினது. 1926இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றி, 1927இல் 'இந்து வாழ்க்கை நோக்கு' என்னும் நூலாக வந்த சொற்பொழிவுகளில், அவர் வினைக் கொள்கையைச் சீட்டாட்டத்துக்கு ஒப்பிட்டார். கையில் வந்த சீட்டுகள் நாம் தெரிந்துகொண்டவை அல்ல, அவை முன்வினையின் பயன். ஆனால் அவற்றைக்கொண்டு எப்படி ஆடுவது என்பது நம் உரிமை என்பது அவர் கருத்து. விதிக்கும் முயற்சிக்கும் இடையே அழகான சமரசம் இது. திருவள்ளுவரும் ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு மற்றோர் அதிகாரமும் வகுத்து இரண்டையும் நிறுத்தியுள்ளார். ஆனால் சீட்டைப் பங்கிட்டவர் யார் என்னும் கேள்வியை இந்த உவமை எழுப்பவிடுவதில்லை. சேரியில் பிறந்த குழந்தைக்குக் கிடைத்த சீட்டு அதன் முன்பிறப்பினால் வந்ததா, ஊரின் பங்கீட்டினால் வந்ததா? ஆட்டத்தின் விதிகளை இயற்றியோரே சிறந்த சீட்டுகளையும் வைத்திருந்தால், தோற்றவனை நோக்கி நன்றாக ஆடவில்லை என்று சொல்வது நீதியாகுமா?

இக்கேள்வியைக் கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. 1907இல், அந்த ஆய்வேடு அச்சேறுவதற்கு ஓராண்டு முன்னர், அதே சென்னையில், இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். பிறப்பினால் வரும் உயர்வு தாழ்வு எவ்வாறு புனையப்பட்டது என்று அவ்விதழ் வாரந்தோறும் தமிழில் வழக்காடிற்று. முன்பிறப்பின் வினையே இப்பிறப்பின் வறுமைக்குக் காரணம் என்னும் கொள்கை சமுதாயத்தைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கவே உதவுகிறது என்று அம்பேத்கர் தம் மறைவுக்குப்பின் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் வாதிட்டார். ஆய்வேடும் வார இதழும் ஒரே நகரில் அச்சேறின. எனினும் ஒன்று பட்டத்துக்குரிய தத்துவமாயிற்று, மற்றொன்று நெடுங்காலம் தத்துவமாகவே எண்ணப்படவில்லை. நம் திறனாய்வின் மையம் இங்கேதான் இருக்கிறது.

3. கருத்தரங்கின் வடிவம்

துறையின் ஆண்டு மலர் 1965இல் வெளிவரத் தொடங்கியபோது, அதன் முதல் தொகுதியில் வினையும் மறுபிறப்பும் என்னும் பொருள்பற்றிய கட்டுரைகள் இடம்பெற்றன. ஹாக் எழுதி அறுபதாண்டுகளுக்குப் பின்னரும் கேள்வி உயிரோடிருந்தது என்பதற்கு இதுவே சான்று. அறிஞர் பலர் ஒரே பொருளைப் பல மரபுகளின் நோக்கில் விளக்கினர். அந்த விளக்கங்களின் புலமையை நாம் ஐயுறவில்லை. கருத்தரங்கு என்னும் வடிவத்தைப் பற்றியே நமக்குச் சில சொல்லவேண்டியிருக்கிறது. இது சென்னைத் துறைக்கு மட்டும் உரிய குறை அன்று. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் அனைத்துக்கும், ஏன், நம் இறையியல் கல்லூரிகளுக்கும் பொதுவானது.

முதலாவது, இவ்வடிவத்தில் கட்டுரைகள் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக அமர்ந்திருக்கின்றன, ஒன்றோடொன்று மோதுவதில்லை. அத்துவிதியும், விசிட்டாத்துவிதியும், சித்தாந்தியும், கிறிஸ்தவனும் தத்தம் நிலையை எடுத்துரைக்கின்றனர். தலைவர் நன்றி கூறுகிறார். பிறர் கேள்வியால் தம் நிலையை மாற்றியவர், குறைந்தது திருத்தியவர், எவரேனும் உண்டா என்று கேட்டால் விடை கிடைப்பதரிது. நம் பழைய நூல் மரபு இவ்வாறு இருந்ததில்லை. சிவஞான சித்தியார் பரபக்கத்தில் பிறர் கொள்கையை விரிவாகக் கூறி மறுத்த பின்னரே சுபக்கத்தில் தன் கொள்கையை நாட்டுகிறது. அம்மறுப்பில் கடுமை உண்டு, ஆனால் பிறர் சொல்வதை ஒரு பொருட்டாக மதிக்கும் பண்பும் உண்டு. மரியாதை என்னும் பெயரால் கேள்வியைக் கைவிடுவது எதிராளியைப் பெருமைப்படுத்துவதாகாது.

இரண்டாவது, மொழி. மூலம் வடமொழியில், விளக்கம் ஆங்கிலத்தில் என்பதே நெடுங்கால வழக்கமாயிற்று. தமிழிலேயே பிறந்த சிவஞான போதமும் சித்தியாரும்கூட ஆங்கில நடையில்தான் பல்கலைக்கழகத் தத்துவமாக நுழையமுடிந்தது. வெளிநாட்டு அறிஞரும் பிற மாநிலத்தாரும் படிக்கவேண்டும் என்னும் காரணம் சொல்லப்படும். அதில் நியாயமும் உண்டு. ஆனால், ஒரு மொழியில் சிந்திக்காத தத்துவம் அம்மொழி பேசுவோரின் துயரத்தைத் தொடுவதில்லை. பதினேழாம் நூற்றாண்டில் இராபர்ட் தெ நொபிலி 'ஆத்தும நிருணயம்', 'புனர்ஜென்ம ஆக்ஷேபம்' ஆகிய நூல்களைத் தமிழ் உரைநடையில் எழுதினார். அவருடைய வடசொற்கள் நமக்குக் கடினம்; அவருடைய வாதத்தில் பகைமையின் சாயலும் உண்டு. ஆயினும் மறுபிறப்பு உண்டா இல்லையா என்பதைத் தமிழில் காரணகாரிய முறையில் வழக்காடலாம் என்பதை அவர் காட்டிவிட்டார். இலங்கையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் மெய்யியலைத் தமிழில் கற்பித்து வருகிறது. ஆகவே இயலாது என்னும் சமாதானம் செல்லாது.

மூன்றாவதே மிக முக்கியமானது: கேட்பவன் யார்? பல்கலைக்கழக மேடையில் வினைக் கொள்கை, ஏற்றத்தாழ்வுகளுக்கு விளக்கம் தரும் கோட்பாடாக ஆராயப்படுகிறது. உலகில் ஒருவன் செல்வனாகவும் ஒருவன் வறியனாகவும் இருப்பது ஏன், இறைவன் பாரபட்சம் உடையவனா என்னும் வினாவிலிருந்து வாதம் தொடங்குகிறது. இது உலகைத் திண்ணையிலிருந்து பார்ப்பவனின் கேள்வி. துன்பத்தின் நடுவில் இருப்பவன் கேட்பது வேறு. "நான் என்ன செய்தேன்?" என்பது அவன் கேள்வி. முன்னது விளக்கத்தைத் தேடுகிறது. பின்னது தீர்ப்புக்கு அஞ்சி நடுங்குகிறது. முன்னதற்கு நேர்த்தியாக அமைந்த விடை பின்னவனுக்குத் தீர்ப்பாகவே கேட்கும். விரல் இழந்தவனிடம் இது உன் முன்வினை என்றால், உலகின் ஒழுங்கு அவனுக்கு விளங்கிவிடுவதில்லை. தன்மேல் ஒரு குற்றப்பத்திரிகை எழுதப்பட்டிருக்கிறது என்றும், அதனைத் தான் படிக்கவே இயலாது என்றும்தான் அவனுக்கு விளங்குகிறது.

4. எல்லைப்புறத்தில் அக்கொள்கையின் வேலை

இக்கொள்கை சாதாரண மக்களிடத்தில் என்ன வேலை செய்கிறது என்று நிதானமாகக் காணவேண்டும். ஏளனம் செய்வது எளிது. ஆனால் அது உண்மைக்கு உதவாது. தலையெழுத்து என்று சொல்பவன் மூன்று நன்மைகளை அடைகிறான். தன் துன்பம் பொருளற்ற விபத்து அன்று, ஏதோ ஓர் ஒழுங்கில் அடங்கியது என்னும் ஆறுதல் ஒன்று. அண்டை வீட்டான்மேல் பழிசுமத்திப் பகை வளர்க்காமலிருக்கும் அமைதி மற்றொன்று. இது முடிந்துபோகும், கணக்குத் தீரும் என்னும் பொறுமை மூன்றாவது. இவற்றைப் பறித்துக்கொண்டு அவ்விடத்தில் எதையும் வைக்காத போதகர் நல்ல மேய்ப்பர் ஆகார்.

ஆனால் அக்கொள்கை வேறொரு வேலையும் செய்கிறது. இயந்திரத்தின் ஆபத்தான பகுதிகளுக்குக் காப்பு வேலி இடவேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. விபத்து வினையின் பயன் என்று வீட்டார் ஏற்றுக்கொண்டுவிட்டால், காப்பு இருந்ததா, கழற்றப்பட்டதா, யார் கழற்றச் சொன்னார் என்னும் கேள்விகள் எழாமலே போகின்றன. ஒப்பந்தத் தொழிலாளிக்கு உரிய இழப்பீடு அவனுக்குக் காட்டப்பட்ட தயவாக மாறிவிடுகிறது. பயிரை யானை மிதித்தது விதி என்றால், காட்டின் ஓரம் எவ்வாறு சுருங்கிற்று, யானையின் வழியை அடைத்தது எது என்று எவரும் கேட்கவேண்டியதில்லை. அம்பேத்கர் சொன்ன பொறுப்பு விடுவிப்பு இதுவே. தத்துவக் கோட்பாடு ஒன்றினால் பயனடைபவர் யார் என்று கேட்பது தத்துவத்துக்குப் புறம்பான கேள்வி என்று சிலர் கூறுவர். அவ்வாறல்ல. அறத்தைக் காப்பதற்காகத் தோன்றியதாகச் சொல்லப்படும் ஒரு கொள்கை, நடைமுறையில் அநீதிக்குத் திரையாகுமானால், அக்கொள்கையின் உண்மையைச் சோதிக்க அது தக்க சான்றாகும்.

5. நம் வீட்டுக்குள் வந்த வினை

இதுவரை பிறர் மேடையைப் பற்றிப் பேசினோம். இனி நம் பலிபீடத்துக்கு அருகே வருவோம். வினைக் கொள்கை கிறிஸ்தவ உடை அணிந்து நம் சபைகளில் உலாவுவதைக் காணாதவர் யார்? பரம்பரைச் சாபம் என்றும், முன்னோர் செய்த பாவத்தின் கட்டு என்றும், விசுவாசக் குறைவினால் வந்த நோய் என்றும் எழுப்புதல் கூட்டங்களில் முழங்குகின்றனர். பிள்ளை இல்லாத பெண்ணிடம் அவள் பாட்டியின் பாவம் விசாரிக்கப்படுகிறது. புற்றுநோயாளியிடம் அறிக்கை செய்யாத பாவம் எது என்று துருவப்படுகிறது. வினைக் கொள்கையில் அவனவன் வினையே அவனவனுக்கு. இப்போதனையிலோ பாட்டன் வினையும் பேரனுக்கு. ஆகவே இது மூலத்தைக் காட்டிலும் கொடியது. சித்தாந்தியின் வினையில் பக்குவப்படுத்தும் அருளாவது உண்டு. இதில் அதுவும் இல்லை, காணிக்கை மட்டுமே உண்டு.

வேதம் இதற்கு முன்னரே மறுமொழி சொல்லியிருக்கிறது. பிதாக்கள் தின்ற புளிப்பினால் பிள்ளைகளின் பல் கூசுகிறது என்னும் பழமொழியை இனி இஸ்ரவேலில் சொல்லவேண்டாம் என்று எசேக்கியேல் 18ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசி தடுத்தார். யோபுவின் நண்பர்கள் வினைக் கொள்கையின் சிறந்த வழக்கறிஞர்கள். இறுதியில் கண்டிக்கப்பட்டவர்கள் அவர்களே. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டபோது, அவர்கள் மற்றவர்களைக் காட்டிலும் பெரிய பாவிகளோ என்னும் எண்ணத்தை ஆண்டவர் மறுத்தார். மறுத்ததோடு நில்லாமல், உயிரோடிருப்பவர்களை மனந்திரும்ப அழைத்தார். பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள் இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று கேட்டது, நம் நாட்டுக் கருத்தரங்கு ஒன்றில் கேட்கப்பட்டது போலவே இருக்கிறது. ஆண்டவர் அவ்விரண்டையும் தள்ளிவிட்டு, தேவனுடைய கிரியை அவனிடத்தில் வெளிப்படவேண்டும் என்றார். பின்பு மண்ணைக் குழைத்தார். காரணத்தைத் தேடிப் பின்னோக்கிச் சென்ற கேள்வியை அவர் செயலை நோக்கி முன்னே திருப்பினார்.

ஹாக் கண்ட உண்மையும் இதுவே. சிலுவையில் குற்றமற்றவர் துன்பத்தை ஏற்றார் என்பது நற்செய்தியானால், துன்பம் இருக்கும் இடத்திலெல்லாம் குற்றம் இருந்தே தீரவேண்டும் என்னும் சங்கிலி அங்கே அறுந்துபோயிற்று. ஆகவே, துன்புறுபவனை நோக்கி நீ குற்றவாளி என்று சொல்லும் கிறிஸ்தவப் போதகர், தாம் பிரசங்கிக்கும் சிலுவையையே மறுதலிக்கிறார். இது சிறிய பிழை அன்று. மனித ஆத்துமாக்கள் இதனால் நசுங்குகின்றன.

6. நாம் செய்யவேண்டியது

தத்துவம் போதகருக்கு வேண்டியதில்லை என்று சொல்வோர் கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில் உள்ள எச்சரிக்கையைக் காட்டுவர். வெறுமையான தத்துவத்தைப் பற்றிய அவ்வெச்சரிக்கை உண்மையே. ஆனால் அதே பவுல் அத்தேனே பட்டணத்தில் எப்பிக்கூரரோடும் ஸ்தோயிக்கரோடும் நின்று வாதித்தார் என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும். தத்துவம் பயிலாத போதகர் தத்துவமின்றி வாழ்வதில்லை; பிறருடைய தத்துவத்தை அறியாமல் சுமந்து திரிகிறார். பரம்பரைச் சாபப் போதனை நம் மேடைகளில் எளிதாக ஏறியதற்கு இதுவே காரணம்.

ஆதலால் நம் இறையியல் கல்லூரிகளுக்குச் சில விண்ணப்பங்களை வைக்கிறோம். தத்துவப் பாடத்தில் ஹாக்கின் 'கர்மமும் மீட்பும்', இராதாகிருஷ்ணனின் மறுமொழி, தேவசேனாபதியின் சித்தாந்த விளக்கம், அயோத்திதாசர், அம்பேத்கர் ஆகியோரின் எழுத்துகள் ஆகியவற்றை ஒரே வரிசையில் வைத்துக் கற்பிக்கவேண்டும்; ஒருவர் கேள்விக்கு மற்றவர் என்ன விடை தருவார் என்று மாணவரே தமிழில் எழுதவேண்டும். கருத்தரங்கு நடத்தும்போது கட்டுரைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொரு கட்டுரைக்கும் மாற்றுக் கொள்கையினர் ஒருவர் எழுத்தில் மறுமொழி தரும்படி ஏற்பாடு செய்யவேண்டும். சித்தாந்த அறிஞரையும் பௌத்தரையும் அழைக்கவேண்டும். விருந்தினராக மாலையிட்டு உட்காரவைப்பதோடு முடிக்காமல், நம் தவறுகளைச் சுட்டும் ஆசிரியராக அவர்களை ஏற்கவேண்டும். நவம்பர் மாதத்தின் மூன்றாம் வியாழனைப் பல்கலைக்கழகங்கள் உலகத் தத்துவ நாளாகக் கொண்டாடுகின்றன. அந்நாளில் நம் மாணவர் மேடை அமைப்பதைவிட, மருத்துவமனைக்கும் தொழிலாளர் குடியிருப்புக்கும் சென்று, மக்கள் தம் துன்பத்துக்கு என்ன காரணம் சொல்கின்றனர் என்று கேட்டெழுதி வருவது மேல். அவ்வேடு எந்த ஆண்டு மலருக்கும் குறைந்ததாகாது.

பல்கலைக்கழகத் துறைக்கும் ஒரு சொல். மூலநூல்களைக் காத்துத் தந்த அதன் கடமை பெரிது, அது தொடரவேண்டும். அத்துடன், இராயப்பேட்டையில் அச்சான அந்தச் சிற்றிதழும், இந்த மலைக்கிராமங்களில் மூன்று மொழிகளில் வழங்கும் அந்த ஒரே சொல்லும் தத்துவத்தின் மூலநூல்களே என்று ஏற்றுக்கொள்ளவேண்டும். அவற்றுக்கும் பதிப்பு வேண்டும், உரை வேண்டும், மறுப்பும் வேண்டும்.

1908இல் இருபது வயது மாணவர் ஒருவர் தம் ஆசிரியரின் கேள்வியால் உறக்கம் இழந்தார்; அதன் பயனை இந்திய தத்துவ உலகமே அடைந்தது. இன்று நம் வகுப்பறைகளில் யாருடைய கேள்வியால் யார் உறக்கம் இழக்கின்றனர் என்று ஆசிரியராகிய நாம் ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுக்கொள்வோமாக. குருப்பட்டம் பெற்றுச் செல்லும் மாணவன் ஒருநாள் இழவு வீட்டு வாசலில் நிற்பான். அங்கே, நான் என்ன செய்தேன் என்று ஒரு தாய் கேட்பாள். அவ்வேளையில் அவன் வாயில் தீர்ப்பு வராதிருக்கும்படி இப்போதே அவனைப் பயிற்றுவிப்பது நம் பொறுப்பு.